கையில் பெற்ற நாள்

பல்லைப் பிடுங்க ஊசி போட்டு உட்காரவைக்கும் எல்லோரிடமும் நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். "மரப்பு விடுற வரைக்கும் எதையும் மென்னு சாப்பிடாதீங்க. உங்க கன்னத்தை நீங்களே கடிச்சுக்குவீங்க, உங்களுக்கே தெரியாது." பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து, டாக்டர்தான் எதையோ கிழித்துவிட்டார் என்று சண்டைக்கு நிற்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே என் பொறுமை போய்விட்டது. கட்டிய மனைவி அரசியலுக்குப் போனதில் மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று.

அவள் அரசியலுக்கு வந்தது சாக்கடையால்தான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருச் சாக்கடை உடைந்து, என் கிளினிக்குக்குள் நாற்காலிக் கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் வந்தது. கிளினிக் என்றால் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, துப்புவதற்கு ஒரு பீங்கான் தொட்டி. அவ்வளவுதான். அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பொறியாளர் அறை வாசலில் உட்கார்ந்தாள். குழாய் வந்து இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினர் ஆகிவிட்டாள்.

முதல் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எவனோ அவள் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். "விட்டுத் தொலை" என்றேன். விடவில்லை. சில வருஷம் கழித்து அதைவிட நாலு மடங்கு மோசமாகச் சுவரொட்டி அடித்து எங்கள் வீட்டு எதிரிலேயே ஒட்டினார்கள். அவள் தலைவாரிக்கொண்டே ஜன்னல் வழியாக அதைப் படித்தாள். "உறைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன். "உறைச்சா வேலை நடக்காதுங்க" என்றாள். அன்றைக்கே எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. என் நாற்காலியில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் குரல் அது.

வார்டு, மாவட்டம், பிறகு நாடாளுமன்றம். அமைச்சரவைப் புகைப்படத்தில் ஒரு பெண்கூட இல்லை என்று யாரோ சொல்லப்போக, வெளியுறவுத் துணை அமைச்சர் ஆக்கினார்கள். துணை அமைச்சருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று, யாரும் தொட விரும்பாத கோப்பை அவள் தலையில் கட்டினார்கள். எங்கள் ஊர் ஆறுதான் அந்தக் கோப்பு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது என் அக்காவை அந்தக் கரையில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷம் சண்டை வந்தது, பாலத்தை மூடினார்கள். ஆறு ஒன்றும் பெரிய அகலமில்லை. அக்கா துணி காயப்போடுவது எங்கள் கரையிலிருந்து தெரியும். என் கல்யாணத்துக்கு அவளால் வர முடியவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதாளா என்பதுகூடத் தெரியவில்லை. அந்தத் தூரத்தில் அது மட்டும் தெரியாது.

துணை அமைச்சரான புதிதில் அவளுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்குத் தரவேண்டிய தாளை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டாள். மறுநாள் தலைவர் எல்லோர் எதிரிலும், "மளிகைக் கடையில சில்லறை வைக்கிற மாதிரி வைக்கிறீங்களேம்மா" என்றாராம். அதிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. நான்தான் வெளிநாட்டு அமைச்சர். அவள் இரண்டு கையாலும் தாளை நீட்டுவாள். நான் வேண்டுமென்றே வாங்காமல் செய்தித்தாள் படிப்பேன், கொட்டாவி விடுவேன், காது குடைவேன். அவள் அசைய மாட்டாள்.

"கை வலிக்கும், இறக்கு" என்பேன்.

"நீங்க வாங்குற வரைக்கும் இறக்க மாட்டேன். வாங்கின பிறகுதான் விடுவேன். அதுதான் மரியாதை."

கடைசியில் நான் சிரித்துக்கொண்டே வாங்குவேன். "நன்றி" என்பேன். அவளும் "நன்றி" என்பாள். அப்புறம்தான் எங்கள் வீட்டில் காப்பி.

ஆற்றுப் பேச்சுவார்த்தை பல வருஷம் நடந்தது. அதற்குள் அவள் முழு அமைச்சர் ஆகியிருந்தாள். எதிர்த்தரப்பில் உட்கார்ந்தவருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கர். கேள்வி கேட்டால் பதில் வராது, புருவம் மட்டும் ஏறி இறங்கும். நாள் முழுக்கப் பேசி ஒரு வரி எழுதுவார்கள், மறுநாள் அதை அடிப்பார்கள். ஒருமுறை எங்கள் ஊரிலேயே கூட்டம். மனுஷன் அன்றைக்கு வழக்கத்தைவிட மோசமாக இருந்தார். இடைவேளையில் அவள் எனக்குப் போன் செய்தாள்: "டாக்டர், பையை எடுத்துக்கிட்டு வாங்க. அவர் கோபமா இல்ல, அவருக்குப் பல் வலி." கீழ்க் கடைவாய்ப் பல், சொத்தை வேர் வரை போயிருந்தது. ஊசி போட்டுப் பிடுங்கினேன். அந்த மரப்போடு அவர் சாயங்காலம் மேசைக்குத் திரும்பினார். அன்றைக்குத்தான் முட்டுக்கட்டையாக இருந்த கடைசி வரிக்குத் தலையாட்டினார். எங்கள் வீட்டில் அது ஒரு நிரந்தர வேடிக்கை: பாலத்தைத் திறந்தது அமைச்சர் இல்லை, என் ஊசி.

அந்தக் கடைசி வரி, ஒப்பந்தத்தை முறிப்பது எப்படி என்பது பற்றியது. அவள் எழுதியது. பழைய காலத்தில் ஒரு நாடு கடிதத்தை வாசலில் போட்டுவிட்டு "கொடுத்துவிட்டோம்" என்னும், இன்னொரு நாடு "வரவே இல்லை" என்னும், அதற்குள் துப்பாக்கி வெடிக்கும். அந்த வம்பே வேண்டாம் என்று தெளிவாக எழுதினாள். முறிக்க விரும்பும் நாட்டின் தூதர், ரத்துக் கடிதத்தை மற்ற நாட்டின் வெளியுறவு அமைச்சரிடம் நேரில் தரவேண்டும். அவர் அதைக் கையில் பெற்ற நாளிலிருந்து ஆறாவது வாரம் பாலம் மூடப்படும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் அப்படிப் பெறாவிட்டால், இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் தானாக நீளும்.

பாலம் திறந்தது. வாரத்தில் இரண்டு நாள், காலையிலிருந்து மாலைவரை. முதல் நாள் அக்கா வந்து என் கிளினிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "முதல்ல என் பல்லைப் பாருடா, அழறதெல்லாம் அப்புறம்" என்றாள். இரண்டு கரைக்கும் கல்யாணங்கள் நடந்தன. அக்கா தன் ஒரே மகளை எங்கள் கரையில், எங்களுக்கு நாலு தெரு தள்ளிக் கொடுத்தாள். "பாலத்தை நம்பியா பொண்ணைக் குடுக்கிற?" என்று அத்தான் தயங்கினாராம். "பாலத்தை நம்பி இல்ல, என் தம்பி பொண்டாட்டியை நம்பிக் குடுக்கிறேன்" என்றாளாம் அக்கா. இதை அவளே என் மனைவியிடம் சொன்னாள். என் மனைவி தலையசைத்தாள். ஒரு மனு வாங்கிக்கொண்டது போல.

பிறகு எங்கள் நாட்டில் தலைவர் மாறினார். புதியவருக்குக் கூட்டங்களில் கைதட்டு வாங்கித் தந்த ஒரே வாக்கியம், "பாலத்தை மூடுவோம்." பாலம் திறந்ததால் யாருக்கு என்ன குடி முழுகியது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவியை அமைச்சரவையிலிருந்து கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் வெளியே விட்டால் பேசுவாளே. அதனால் அந்த நாட்டுக்கே தூதராக அனுப்பினார்கள். நான் கிளினிக்கைப் பூட்டிச் சாவியை அக்கா மகளிடம் கொடுத்துவிட்டு, தூதரின் வீட்டுக்காரராகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே தூதர்களின் மனைவியர் சங்கம் என்று ஒன்று உண்டு. விதியில் வேறு இடமில்லாததால் என்னையும் உறுப்பினராகச் சேர்த்து, மாதாமாதம் பூ அடுக்கும் வகுப்புக்கு அழைப்பு அனுப்பினார்கள். நான் போனேன். வேறு என்ன வேலை எனக்கு?

ஒப்பந்தக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ரத்துக் கடிதம் வந்தது. அதோடு ஓர் இணைச் செயலரும் வந்தார். கடிதம் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்து அறிக்கை தர வந்தவர். அவள் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் ஒட்டிக்கொண்டே வருவார். நான் கோந்து என்று பெயர் வைத்தேன். கடிதத்தைக் கொடுக்க எத்தனையோ பேர் இருக்க இவளை ஏன் அங்கே உட்காரவைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பெற்றவள் கையாலேயே பிள்ளையைப் பலி கொடுக்கச் செய்தால் ஊரில் யாருக்கும் வாய் இருக்காது.

கல்லுளிமங்கர் இப்போது அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர். அவள் நேரம் கேட்டாள். அமைச்சருக்கு உடம்பு சரியில்லை என்று பதில். மறுபடி கேட்டாள். கடைவாய்ப் பல் வீங்கி அமைச்சர் ஓய்வில் இருக்கிறார் என்று பதில். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அந்தக் கடைவாய்ப் பல்லை நான்தான் எப்பவோ பிடுங்கியாச்சே!"

அவள் சிரிக்கவில்லை. "தெரியும். அவர் எனக்கு நாள் வாங்கித் தர்றார்" என்றாள்.

நாட்களும் போயின. கோந்து தினமும் ஊருக்குப் போன் பேசினார். ஒரு தூதரை முடிவில்லாமல் பார்க்க மறுப்பது அவமதிப்பு, இதற்குப் பதில் நடவடிக்கை வரும் என்று எங்கள் தரப்பிலிருந்து மிரட்டல் போனது. அதன் பிறகு கல்லுளிமங்கரால் தட்ட முடியவில்லை. ஒப்பந்தத்தின் கடைசி நாளன்று மாலை நேரம் கொடுத்தார். கூடவே ஒரு சேதி: டாக்டரையும் அழைத்து வரவும், பல்லைக் காட்ட வேண்டும்.

அந்த வாரம் அக்கா போன் செய்திருந்தாள். மகளுக்கு ஏழாம் மாதம். "பிரசவத்துக்கு நான் போயாகணும்டா. அவ இங்க வந்தா திரும்பிப் போக முடியாம மாட்டிக்குவா. நான் அங்கயே போய்த் தங்கிடலாம்னா, உன் அத்தான் படுத்த படுக்கையா கிடக்கிறார். யாரு தூக்கி உட்கார வைப்பா? பாலம் இருந்தா காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துடுவேன். உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"பார்த்துக்கிறேன்னு சொல்றாக்கா."

"அவ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டாள்.

காரில் போகும்போது கோந்து முன்னால் வேறு வண்டியில் இருந்தார். நான் நேராகவே சொன்னேன். "படி. படிச்சு முடிச்சதும் மேசையில வச்சிட்டு வா. கையில வாங்கலைன்னா வாங்கலைதான். ராத்திரியோட காலம் முடிஞ்சுடும். உன்னை யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"ம்" என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் குடையோடு நின்றார்கள்.

"என்ன ம்?"

"அதைத்தான் நானும் நினைச்சேன். வச்சிடறேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அமைச்சரின் அறை எனக்குப் புதிதில்லை. எப்போது போனாலும் சோபாவுக்கு நடுவிலுள்ள சின்ன மேசையில் கோப்புகள் மலைபோலக் குவிந்திருக்கும், டீக் கோப்பையைத் தரையில்தான் வைக்க வேண்டும். அன்றைக்கு மேசை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. ஒரு குண்டூசிகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அவர் அவளுக்காக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"வாங்க டாக்டர், அப்படி உட்காருங்க. பல்லை அப்புறம் பார்ப்போம்" என்று ஜன்னலோரச் சோபாவைக் காட்டினார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோந்து கதவருகில் நின்றார். டீ வந்தது.

"முதல்ல டீ குடிங்க" என்றார் அவளிடம்.

"வேலையை முடிச்சிடறேன் ஐயா."

எழுந்து நின்றாள். அவர் உட்கார்ந்தபடியே கோப்பையையும் தட்டையும் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். அவள் படிக்கத் தொடங்கினாள். வானிலை அறிக்கை வாசிப்பது போன்ற குரல். இந்த ஒப்பந்தம், இந்த விதி, எங்கள் அரசின் முடிவு. அத்தனையும் அவளே ஒவ்வொரு சொல்லாகக் கட்டியது, இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கழற்றினாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அப்படிப் பழக்கியதற்காக ஊர் அவளைப் பாராட்டியிருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, கோந்துவின் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்தாள். தாளை மடித்தாள். நான் நிமிர்ந்தேன்.

அவள் இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. கோப்பையைப் பிடித்தபடியே இருந்தார். பார்வை மேசைக்குப் போயிற்று, அவளிடம் வந்தது, திரும்ப மேசைக்குப் போயிற்று. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது. கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார். அவள் படிக்கும்போதே டீயைக் குடித்து முடித்திருந்தார், கோப்பை காலி என்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. காலிக் கோப்பையை உறிஞ்சினார்.

வை, என்று மனசுக்குள் கத்தினேன். வச்சிட்டு வா.

அவள் நீட்டியபடியே நின்றாள். நான் தொண்டையைக் கனைத்தேன். திரும்பவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்படி நிற்பாளோ அப்படியே நின்றாள். நான் செய்தித்தாளைப் புரட்டும்போதும் கொட்டாவி விடும்போதும் நின்ற அதே நிற்பு. மணிக்கட்டு லேசாக நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் தாளின் ஓரத்துக்கு வந்தது.

கல்லுளிமங்கர் அதைப் பார்த்தார். அவர் பழைய காலத்து மனுஷர். ஒரு பெண்பிள்ளை தன் எதிரில் கை நடுங்க நிற்கும்போது அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார். எழுந்தார். இரண்டு கையாலும் வாங்கி, தலையைச் சற்றுக் குனிந்து, "நன்றிம்மா" என்றார்.

"நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் கையை விட்டாள்.

ஒரு கணம் என்ன நடந்துவிட்டது என்று இருவருக்குமே உறைக்கவில்லை. மரியாதையாக நடந்துகொண்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். புருவம் ஏறியது, இறங்கவில்லை. கோந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். "என்ன பண்ணிட்ட நீ?"

"குடுத்துட்டேன்."

"மேசை காலியா இருந்துச்சே!"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"அவர் வாங்கலையே" என்றாள். "வாங்குற வரைக்கும்..." நிறுத்தினாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "வைக்கணும்னுதாங்க போனேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அவள் உள்ளே போய் வழக்கம்போலச் செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தாள். அந்தச் செருப்பைப் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது, அதற்குப் பதிலாகப் பயம் வந்தது.

சாப்பிடும்போது ஊரிலிருந்து போன். தலைவரே பேசினார். மேலவையில் ஓர் இடம் அவளுக்காக ஒதுக்கியாயிற்று, சீக்கிரம் வரச் சொன்னார். "சரிங்க ஐயா. நன்றி" என்று வைத்துவிட்டுத் திரும்பவும் ரொட்டியை எடுத்துக் கடித்தாள். கையிலிருந்த ரொட்டியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"வாயைத் திற" என்றேன்.

"ஏன்?"

"திறடி."

கன்னத்தின் உட்பக்கம் நன்றாகக் கடிபட்டிருந்தது. சதை பிய்ந்து தொங்கியது. பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"வலிக்கலையா?"

"எது?" என்றாள், பஞ்சோடு.

அக்காவுக்கு நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே போன் செய்தாள். "அண்ணி, நான்தான் கையில குடுத்தேன்" என்றாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியாது. இவள் "ம்", "ஆமா அண்ணி", "ஆமா" என்றாள். பிறகு போய் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

விமானத்தில் போயிருக்கலாம். பாலம் திறந்திருக்கும் கடைசி நாளன்று அந்த வழியாகவே போவோம் என்று நான்தான் அடம்பிடித்தேன். பாலத்தின் வாயிலில் கூட்டமான கூட்டம். இந்தக் கரையில் தங்குவதா அந்தக் கரையில் தங்குவதா என்று நடுத்தெருவில் நின்று குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பக்கம் கொண்டு போனார். அவர் மனைவி இந்தப் பக்கத்திலேயே நின்றாள். கோந்துவின் வண்டி முன்னாலேயே போய்விட்டது.

அக்கா சுங்கச் சாவடி ஓரமாகக் காத்திருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. நாங்கள் காரைவிட்டு இறங்கினோம். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் போனாள்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு எங்க அம்மா அடிக்கடி சொல்வாங்க" என்றாள். "நானும் ராப்பகலா அதையே சொல்லிப் பார்த்துக்கிட்டேன். ஆனா நீ படிச்ச அம்பாச்சே. உனக்குத் திரும்பத் தெரியாதா?"

"அண்ணி..." என்றாள் அவள். எத்தனை மேடையில் எத்தனை பேச்சு பேசியவள்!

"விடு. பேசி என்ன ஆகப் போகுது?" அக்கா மூட்டையை நீட்டினாள். "பழைய புடவையைக் கிழிச்சுத் தைச்சது. குழந்தைக்குப் புதுத் துணி உறுத்தும். ரெண்டு தடவை வெந்நீர்ல அலசிட்டேன்னு அவகிட்ட சொல்லு."

அவள் கை எழவில்லை. இரண்டு பக்கமும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா நீட்டிய கையோடு நின்றாள். வயசான கை, நடுங்கத்தான் செய்தது. நானாவது வாங்கலாம் என்று ஓரடி வைத்தேன். அக்கா கண்ணாலேயே என்னை நிறுத்தினாள்.

"வாங்கிக்கோம்மா. எனக்கு உன்னை விட்டா வேற யாரு இருக்கா, அந்தப் பக்கம் போறதுக்கு?"

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். தலையைச் சற்றுக் குனிந்தாள். "நன்றி அண்ணி" என்றாள்.

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. இந்தமுறை பக்கத்தில் நின்றும் தெரியவில்லை.

பாலத்தைக் கடந்தோம். எங்கள் கரையில் அதிகாரிகள் பூச்செண்டோடு நின்றார்கள். அவள் இறங்கவில்லை, கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நேராக அக்கா மகள் வீட்டுக்கு விடச் சொன்னேன்.

அக்கா மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். ஆனால் எங்களைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள். "வாங்க மாமா. வாங்க அத்தை. அம்மா ஏதாவது குடுத்து விட்டாங்களா?"

என் மனைவி மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். "ரெண்டு தடவை வெந்நீர்ல அலசினதாம்" என்றாள்.

அக்கா மகள் அதைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை.

"அத்தை, வாங்கிட்டேன். விடுங்க."

விடவில்லை. விரல்கள் துணியில் புதைந்து வெளுத்திருந்தன. இரண்டு பேரும் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி வாசலில் நின்றார்கள். நான் கிட்டே போய் என் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன்.

"வலிக்குதுங்க" என்றாள்.

"எங்க?"

"கை" என்றாள். "கை வலிக்குது." பிறகு அவள் வாய் கோணியது.

"இந்தச் சின்ன மூட்டைக்கா அத்தை?" என்று அக்கா மகள் பதறினாள்.

மரப்பு விடும்போது எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளைப் பிடித்துக்கொண்டு அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்தேன்.